திருகு சுத்துதா பாரு

ரெண்டு வாரமா எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தேன், இன்னைக்கு கரண்ட் இல்ல, லேப்டாப்ல நாப்பது பர்சென்ட் சார்ஜ் இருக்கு, அது தீர்றதுக்குள்ள எழுதி முடிச்சிடுறேன்.

தாத்தாவோட பழைய ஜோர்கி கேமராவுல ஒழுங்கா ஃபிலிம் மாட்டக் கத்துக்குறதுக்கு எனக்கு ஆன செலவு: மூணு ரோல், ஒரு ரிப்பேர் பில், தங்கச்சி ஒரு மாசம் என்கூட பேசாதது. இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல் படிச்சவன். ஃபிலிம் மாட்டுறதுல என்ன பெரிய வித்தைன்னு நீங்க கேக்கலாம், நானும் அப்படித்தான் கேட்டேன்.

தாத்தா நெய்வேலி அனல் மின் நிலையத்துல ஃபிட்டர். சோவியத் யூனியன் உதவியோட கட்டினது அது, 1962ல மொத யூனிட் ஓட ஆரம்பிச்சுது. அந்த வேலைக்கு வந்திருந்த ரஷ்யாக்காரங்க டவுன்ஷிப்லயே தங்கியிருந்தாங்க, அதுல ஒருத்தர் ஊருக்குக் கெளம்புறப்ப தாத்தா கையில குடுத்துட்டுப் போனதுதான் இந்தக் கேமரா. காசுக்கா சும்மாவான்னு வீட்ல ரெண்டு கதை இருக்கு, ஆயா ஒண்ணு சொல்லும், பெரியப்பா ஒண்ணு சொல்லுவாரு. ரெண்டு கதையிலயும் தாத்தாவுக்கு ரஷ்ய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ஃபிலிம் மாட்டுறத மட்டும் செஞ்சு காட்டிட்டுப் போயிருக்காரு.

தெரியாதவங்களுக்காக கேமராவப் பத்தி கொஞ்சம். ஜோர்கின்னா ரஷ்ய மொழியில கூர்மையான பார்வைன்னு அர்த்தம். 1948ல மாஸ்கோ பக்கத்துல கிராஸ்னகோர்ஸ்க் ஃபேக்டரியில போட ஆரம்பிச்சாங்க. அதுக்கு அப்பன் ஃபெட், 1934ல உக்ரைன்ல கார்கிவ்ல அனாதைப் பசங்க இருந்த ஒரு கம்யூன்ல செஞ்சது. அதுக்கும் அப்பன் ஜெர்மனிக்காரனோட லைக்கா, 1932ல வந்த ரெண்டாம் மாடல், அத அப்படியே பாத்துப் பாத்து காப்பி அடிச்சாங்க. காப்பின்னு எளக்காரமா நெனைக்காதீங்க, அறுவது வருஷம் ஆகியும் இது ஷட்டர் அடிக்குது, நான் மூணு வருஷம் முன்னாடி வாங்கின போன் இப்ப சார்ஜே ஏற மாட்டேங்குது.

இது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதாவது ஃபோகஸ் பாக்குறதுக்குன்னே தனியா ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல பாக்குறப்ப உருவம் ரெட்டையா தெரியும், லென்ஸ திருப்பத் திருப்ப ரெண்டும் நெருங்கி வந்து ஒண்ணா சேரும், சேந்தா ஃபோகஸ். அவ்ளோதான். நாம பாக்குற ஓட்டை வேற, படம் விழுற லென்ஸ் வேற. அதனால லென்ஸ் மூடிய கழட்டாமலே ஒரு ரோல் ஃபுல்லா எடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்கு வரலாம், கேமரா ஒண்ணும் சொல்லாது. தப்பு பண்ணா வாயே தெறக்காத கேமரா இது. அத மொதல்லயே யாராவது எனக்கு சொல்லியிருக்கலாம்.

இனி ஃபிலிம். நம்ம வீடுங்கள்ல இருந்த யாஷிகா, ஜெனித் மாதிரி கேமரா எல்லாத்துலயும் பின்னாடி ஒரு கதவு இருக்கும், தெறந்து, ரோல இந்தப் பக்கம் போட்டு, நாக்கு மாதிரி நீட்டிட்டு இருக்குற லீடர அந்தப் பக்கம் சொருகி, பல்லுல மாட்டிடுச்சான்னு கண்ணால பாத்துட்டு மூடிடலாம். ஜோர்கியில பின்கதவே கெடையாது. பின்னாடி மொழுக்குன்னு ஒரே தகடு. கேமராவ தலைகீழா மடியில வச்சுக்கிட்டு, அடியில இருக்குற சாவிய திருப்பி, அடித்தகட்ட கழட்டணும். உள்ள ரெண்டு கெணறு மாதிரி குழி, நடுவுல ஒரு நூல் அளவுக்கு சந்து. ஒரு கெணத்துல ஃபிலிம் ரோல், இன்னொரு கெணத்துல அத இழுத்து சுத்துற ஸ்பூல், நடுவுல இருக்குற அந்த சந்துல ஃபிலிம் நழுவி எறங்கணும், எறங்கி ஷட்டருக்கும், பின்னாடி ஃபிலிம தட்டையா அமுக்கிப் புடிக்கிற பிரெஷர் பிளேட்டுக்கும் நடுவுல போய் நிக்கணும். இது எதையும் நாம பாக்க முடியாது. மேல இருந்து எட்டிப் பாத்தா ஃபிலிமோட ஓரம் ஒரு கறுப்புக் கோடா தெரியும், அவ்ளோதான்.

இதுல இருக்குற வில்லங்கம் லீடர் நீளம்தான். இப்ப கடையில வர்ற ரோல்ல அந்த ஒல்லியான நாக்கு ரொம்ப குட்டை, பின்கதவு கேமராவுக்கு அது போதும். இந்த கேமராவுக்கு பத்தாது. சந்துல எறக்குறப்ப ஃபிலிமோட முழு அகலம் பல்லுச்சக்கரத்து மேலயும் படக்கட்டத்து விளிம்புலயும் போய் இடிக்கும். இடிச்சா மடியும், மடிஞ்சா ஃபிலிம் ஓரத்துல பல்லு மாட்டுறதுக்கு இருக்குற ஓட்டை கிழியும். அதனால ஃபேக்டரியில வெட்டின அதே வடிவத்த நாமளே கத்தரியால இன்னும் உள்ள நீட்டி வெட்டணும், மொத்தமா பத்து சென்டிமீட்டர் வர்ற மாதிரி. அந்தக் காலத்துல லைக்காக்காரங்க இதுக்குன்னே மடிக்கிற மாதிரி ஒரு உலோகத் தகடு வித்தாங்க, அப்லான்னு பேரு, அதுக்குள்ள ஃபிலிம வச்சு மூடி ஓரத்தோட பிளேடால கோடு போட்டா கரெக்டா வெட்டு விழும். இப்ப அது கெடச்சாலும் விலை கேட்டா கேமராவ வித்துதான் வாங்கணும்.

நான் என்ன பண்ணேன்னா வெட்டவே இல்ல. புது ரோல், காசு குடுத்து வாங்குனது, அத போய் எதுக்குக் கத்தரிக்கணும்னு ஒரு நெனப்பு. ஸ்பூல வெளிய எடுத்து, லீடர அதோட கிளிப்புக்குள்ள சொருகி, ரெண்டையும் சேத்துப் புடிச்சு உள்ள தள்ளினேன். கொஞ்சம் முரண்டு புடிச்சுது. கொஞ்சம் அழுத்தினேன். எறங்கிடுச்சு. அடித்தகட்ட மாட்டி, ரெண்டு தடவ சுத்தி, ரெண்டு காலி ஷாட் அடிச்சு, கவுன்ட்டர சைபர்ல வச்சுட்டு, ஆஹா நாமளும் போட்டோகிராஃபர்னு கெளம்பிட்டேன்.

கெளம்பினது எங்கன்னா தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயில்ல வச்சு. போட்டோகிராஃபர் எதுக்கு தண்டச் செலவு நான் இருக்கேன்லன்னு வீராப்பா சொன்னது நான்தான், இத இங்க ஒத்துக்குறேன். தாய்மாமன் மடியில வச்சுதான் காது குத்தணும், அந்தத் தாய்மாமன் நான்தான், கழுத்துல கேமராவ மாட்டிக்கிட்டு கொழந்தைய மடியில வச்சுட்டு உக்காந்திருக்கேன், கொழந்தை கத்துது, ஆசாரி கேமராவக் கழட்டுங்க சார் கை இடிக்குதுங்குறாரு, நான் மச்சான் கையில குடுத்து இங்க அமுக்குங்க மாப்ள, ஃபோகஸ் வச்சிருக்கேன் அசையாதீங்கன்னு கத்துறேன். மொட்டை, காது, சீர்த்தட்டு, கெடா விருந்து, எல்லாம் எடுத்தாச்சு. சுத்துறப்ப லேசா கரகரன்னு சத்தம் வந்துச்சு, பழைய கேமரா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். 36 ரோல்ல கவுன்ட்டர் 39 காட்டிச்சு. மூணு படம் ஃப்ரீயா கெடச்சுதுன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க, அங்க நிக்கணும் நான்.

ரீவைண்ட் பண்றப்பவே வயித்துல புளியக் கரைச்சிடுச்சு. ஒரு 36 ரோல்னா ஒண்ணரை மீட்டருக்கு மேல ஃபிலிம், இந்த சின்ன திருகுல அத திரும்ப சுத்தி எடுக்குறதுக்குள்ள விரல் வலிக்கும். எனக்கு மூணே சுத்துல முடிஞ்சுது. இருந்தாலும் ஒரு நப்பாசை, கழுவ அனுப்பினேன். நாலு நாள் கழிச்சு வாட்ஸப்ல பதில், சார் ரோல்ல ஒரே ஒரு படம்தான் இருக்கு, அதுவும் ஃபுல்லா கறுப்பா இருக்குன்னு. நெகட்டிவ்ல கறுப்புன்னா வெளிச்சம் ஓவரா விழுந்திருக்குன்னு அர்த்தம். மொத்தக் காதுகுத்தும் அந்த ஒரு கட்டத்துலதான் இருக்கு. மொட்டை மேல சீர்த்தட்டு, அது மேல ஆசாரி, அது மேல கெடா. முன்னாடி ஓட்டை எல்லாம் வரிசையா கிழிஞ்சிருந்துச்சு, பல்லு தன் பாட்டுக்கு சுத்தி அரைச்சுக்கிட்டே இருந்திருக்கு, ஃபிலிம் நின்ன எடத்துலயே நின்னிருக்கு.

அப்ப கவுன்ட்டர் எப்படி 39 வரைக்கும் போச்சு? இதுதான் விஷயமே. இந்த கேமராவுல கவுன்ட்டர் ஃபிலிம எண்றதில்ல, நாம சுத்துறத எண்ணுது. உள்ள ஃபிலிம் இருந்தாலும் இல்லாட்டியும், சுத்தினா ஒண்ணு ஏறும். ஷட்டரும் அதே மாதிரிதான், சுத்தினா ரெடி ஆகிடும், அமுக்கினா டப்புன்னு அடிக்கும். கையில, காதுல, கண்ணுல எல்லாம் சரியா இருக்குற மாதிரியே இருக்கும்.

அதுக்கப்புறம் ரெண்டாவது ரோல். இந்த வாட்டி இன்டர்நெட்ல பாத்து ஒரு டெக்னிக் பண்ணேன், விசிட்டிங் கார்டு வைத்தியம். ஒரு கெட்டி அட்டைய அந்த சந்துல சொருகிட்டு, அட்டையோட வழுக்கல்ல ஃபிலிம எறக்கிட்டு, அட்டைய உருவி எடுத்துடணும். வெட்ட வேணாம். நெறைய பேர் இதுல சத்தியம் பண்றாங்க, அவங்கவங்க கை ராசி. எனக்கு அட்டை ஒழுங்காதான் வந்துச்சு, ஆனா மொத ரோல்ல கிழிஞ்ச ஒரு துணுக்கு, அரிசி அளவு இருக்கும், அது உள்ளயே கெடந்து ஷட்டர் துணிக்கும் சட்டத்துக்கும் நடுவுல போய் ஒளிஞ்சுக்கிச்சு. ஷட்டர் பாதியில நின்னுடுச்சு. சென்னையில ஒரு பெரியவர்ட்ட கொண்டுபோய்க் குடுத்தேன், அவரு லென்ஸ கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு, வெட்டாம மாட்டுனியான்னு ஒரே கேள்விதான், ஆமாங்கன்னேன், அதுக்கப்புறம் அவரு என்கிட்ட பேசவே இல்ல, பில்லு மட்டும் எழுதிக் குடுத்தாரு.

(இடையில இன்னொண்ணு, மறந்துடுவேன். இந்த கேமராவுல ஷட்டர் ஸ்பீட மாத்துறதுன்னா மொதல்ல ஃபிலிம சுத்திட்டு அப்புறம்தான் மாத்தணும். சுத்தாம மாத்தினா அந்த டயல் தப்பான எடத்துல போய் உக்காரும், உள்ள இருக்குறது கெட்டுப் போகும். அதே மாதிரி ஷட்டர் வெறும் ரப்பர் பூசின துணி, லென்ஸ மூடாம சூரியனப் பாத்த மாதிரி வெயில்ல வச்சீங்கன்னா பூதக்கண்ணாடியில காகிதம் எரியுற மாதிரி துணியில ஓட்டை விழுந்துடும். நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல.)

ரிப்பேர் முடிஞ்சு வந்ததும் கொஞ்ச நாள் அதத் தொடவே பிடிக்கல. அலமாரியில கெடந்துச்சு. மழைக்காலம் வந்ததும் தோல் உறையில பூஞ்சை ஏறி வெள்ளையா பூத்துப் போச்சு, சரி தொடைச்சாவது வைப்போம்னு வெயில்ல போட்டேன். உறையோட அடியில, வெல்வெட் துணி பிரிஞ்சு தொங்குற எடத்துல, ஏதோ சொருகியிருந்துச்சு. இழுத்துப் பாத்தா ஒரு துண்டு ஃபிலிம். கறுப்பா, காஞ்ச மீன் செதில் மாதிரி வெறைச்சு, ஒரு பக்கம் பாதி அகலத்துக்கு நீளமா வெட்டியிருந்துச்சு, வெட்டு முடியுற எடத்துல அழகா ஒரு வளைவு. பழைய லீடர், குப்பைன்னு நெனச்சு தூக்கிப் போடப் போனேன். திண்ணையில கீரை ஆஞ்சுட்டு இருந்த ஆயா கைய நீட்டி, "டேய் டேய், அதப் போட்டுடாத, அது தாத்தா அளவு வச்சிருந்தது"ன்னுச்சு.

அளவுன்னா நெசமாவே அளவு. ரோல் மாட்டுறப்பல்லாம் அந்தத் துண்ட புது ஃபிலிம் மேல வச்சு, ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி, ஆயாவோட கத்தரியால ஓரத்தோட வெட்டுவாராம். எண்ணிப் பாத்தேன், 21 ஓட்டை. ஃபிலிம்ல 4.75 மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டை, 21ன்னா கிட்டத்தட்ட கரெக்டா பத்து சென்டிமீட்டர். அப்லானும் இல்ல, இன்டர்நெட்டும் இல்ல, அந்த ரஷ்யாக்காரர் ஒரு தடவ வெட்டிக் காட்டினத பத்திரமா எடுத்து வச்சிருக்காரு மனுஷன். இன்னொண்ணும் கவனிச்சேன், அந்த வளைவு ரெண்டு ஓட்டைக்கு நடுவுல முடியுது, ஓட்டை மேல முடியல. நான் முன்னாடியே வெட்டியிருந்தாலும் கண்டிப்பா ஓட்டைக்குக் குறுக்க வெட்டியிருப்பேன், ஓட்டையில வெட்டு விழுந்தா அந்த எடம்தான் மொதல்ல கிழியும்.

அப்பதான் ஆயா அடுத்த குண்டப் போட்டுச்சு. திருகுல செகப்புப் பொட்டு இருக்குமே, அதப் பாத்துதான மாட்டுவாருன்னு.

இடது பக்கம் மேல இருக்குற ரீவைண்ட் திருகு. அதோட ஓரத்துல ஒரு காஞ்ச செகப்பு அழுக்கு இருந்தது ஞாபகம் இருக்கு. கேமரா கைக்கு வந்த மொத நாளே அத நகத்தால சொரண்டி, ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சு, பளபளன்னு ஆக்கினவன் நான்தான். அது அத்தையோட க்யூடெக்ஸாம். தாத்தாவுக்கு வெள்ளெழுத்து வந்தப்புறம் திருகு சுத்துதான்னு தெரிய மாட்டேங்குதுன்னு அத்தைகிட்ட வாங்கி ஒரு பொட்டு வச்சிருக்காரு. வெளிய போனா அதுவும் பத்தாது. தைப்பூசத்துக்கு வடலூர் போனா ஜோதி பாக்கப் போற கூட்டத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொரு தடவ சுத்துறப்பவும் ஆயாவப் பாத்து, "திருகு சுத்துதா பாரு, திருகு சுத்துதா பாரு"ம்பாராம். ஆயா சொல்லுது, "நான் சாமியப் பாப்பனா இவரு திருகப் பாப்பனா, சுத்துது சுத்துதுன்னு பாக்காமலே சொல்லிடுவேன்." அந்த வருஷத்துப் படம் ஒண்ணுகூட ஆல்பத்துல இல்ல. அதுக்குக் காரணம் இதுதானான்னு கேட்டேன், ஆயா கீரைய ஆயறதுலயே கவனமா இருந்துச்சு.

ஏன் திருகுன்னா, அதோட தண்டு நேரா எறங்கி ஃபிலிம் ரோலோட அச்சுல கவ்விக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கம் ஸ்பூல் ஃபிலிம இழுத்தா இந்தப் பக்கம் ரோல் உருண்டே ஆகணும், ரோல் உருண்டா திருகும் கூடவே சுத்தும், நாம ரீவைண்ட் பண்ற திசைக்கு எதிர்ப்பக்கமா. மொத்த கேமராவுலயும் உள்ள நடக்குறத மறைக்காம சொல்ற ஒரே ஆள் அதுதான். ஒரு விஷயம் மட்டும், ரோலுக்குள்ள ஃபிலிம் தளர்வா இருந்தா மொத ரெண்டு சுத்துக்கு திருகு அசையாது, அதப் பாத்துட்டு ஐயோ மாட்டலன்னு திரும்ப அடித்தகட்ட கழட்டிடக் கூடாது. மூடின கையோட ரீவைண்ட் திருகப் புடிச்சு மெதுவா, லேசா தடுக்குற வரைக்கும் சுத்தி தளர்ச்சிய எடுத்துடணும். அப்புறம் சுத்திப் பாத்தா பொட்டு நகரும்.

மூணாவது ரோல் அப்படித்தான் மாட்டினேன். ஆயாவோட கத்தரியே, தாத்தாவோட துண்டே. நெழல்ல உக்காந்து, தலைகீழா மடியில வச்சு, லீடர ஸ்பூல் கிளிப்புல கடைசி வரைக்கும் நுழைச்சு, ரோலையும் ஸ்பூலையும் ஒரே மட்டத்துல புடிச்சு எறக்கினா, கத்தி வெண்ணெய்க்குள்ள எறங்குற மாதிரி போச்சு. முரண்டே இல்ல. மொத தடவ நான் அழுத்துன அழுத்தத்த நெனச்சா இப்ப உடம்பு கூசுது. மூடி, தளர்ச்சி எடுத்து, சுத்தினேன். திருகு அசையுதா இல்லையான்னு எனக்கே தெரியல, ஏன்னா நான்தான் பளபளன்னு தொடைச்சு வச்சிருக்கேனே. அந்த ரோலும் பாதி போச்சு, அது வேற தப்பு, லென்ஸ உள்ள மடிச்ச மேனிக்கே இருபது படம் எடுத்திருக்கேன். இந்த லென்ஸ வெளிய இழுத்து ஒரு திருப்பு திருப்பிப் பூட்டணும். சொன்னேன்ல, எதுவும் சொல்லாத கேமரா. ஆனா மிச்சப் படம் வந்துச்சு. வரிசையா, ஒண்ணுக்கு ஒண்ணு இடைவெளி விட்டு.

அதுல ஒண்ணு ஆயாவோட கத்தரி. இன்னொண்ணு தாத்தாவோட பீரோவுல இருந்த, 'இந்து'ங்குற பிராண்டோட பழைய ஃபிலிம் டப்பாக்கள், நம்ம ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல செஞ்சது, 1967ல இருந்து அங்க ஃபிலிம் போட்டுட்டு இருந்தாங்க, இப்ப இல்ல. அந்த டப்பாவுல ஆயா வெந்தயமும் கடுகும் போட்டு வச்சிருக்கு. தாத்தா எடுத்ததுல பாதிக்கு மேல அந்த ஃபிலிம்தான். இப்ப நான் ஒரு ரோலுக்குக் குடுக்குற காசச் சொன்னா அவரு கேமராவப் புடுங்கி வச்சுடுவாரு.

யாராவது இதப் படிச்சுட்டு ஆசைப்பட்டு பழைய ரஷ்யன் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போறீங்கன்னா, தாத்தா கேமரான்னு பாசம் ஏதும் இல்லன்னா, ஃபெட்-2 இல்ல ஜோர்கி-4 வாங்குங்க. அதுல பின்பக்கமும் அடியும் சேந்து ஒரே துண்டா கழண்டு வந்துடும், கண்ணால பாத்து மாட்டலாம், வெட்டவும் வேணாம். அடியில தெறக்குற மாடல்தான் வேணும்னா, வாங்குறப்ப ஸ்பூல் உள்ள இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, அது தனியா கழண்டு வர்றது, தொலைஞ்சு போயிருந்தா கேமரா அழகா ஷோகேஸ்ல இருக்கும்.

தங்கச்சி போன வாரம் வந்திருந்தா. பேச ஆரம்பிச்சுட்டா, ஆனா காதுகுத்துப் பேச்ச எடுத்தா மட்டும் மூஞ்சிய திருப்பிக்குறா. திருகுல பொட்டு வைக்கணும், உன் க்யூடெக்ஸ் குடுன்னு கேட்டேன். என் க்யூடெக்ஸெல்லாம் உன் பாழாப்போன கேமராவுக்குத் தர முடியாது, வேணும்னா பாப்பாவோடது இருக்குன்னு அவ பொண்ணோட வெளையாட்டு செட்டுல இருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தா. வாடாமல்லி கலரு, உள்ள ஜிகினா மினுக்குது. பாப்பாவே வச்சா, பொட்டா வைக்கல, கொழகொழன்னு அப்பிட்டா. இருட்டுலகூட தெரியுது.

இப்ப கேமராவுல நாலாவது ரோல் இருக்கு, பதினொண்ணு எடுத்தாச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் வாடாமல்லி நகருது. சார்ஜ் ஆறு பர்சென்ட்டுக்கு வந்துடுச்சு. கழுவி வந்ததும் படம் போடுறேன்.